அவருக்குப் படித்துக்காட்டிய மாதங்கள்

ஜூன் 20, 2023

புதுப் புத்தகக் கட்டு வந்தது. முத்திரை குத்துகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, நின்ற இடத்தில் குழந்தைகளுக்கான ஒரு எருமைப் படக்கதையைப் படித்து முடித்தேன். கல்யாணத்தன்று குளத்தைவிட்டு ஏறமாட்டேன் என்கிற எருமை. அதை இழுக்கப் பட்டுவேட்டியோடு இறங்குகிற மாப்பிள்ளை. நான் சிரித்த சிரிப்பில் பேப்பர் படிக்கிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நூலகரே சத்தம் போட்டால் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

மஸ்கட்டிலிருந்து அவர் பேசினார். கதையை ஆரம்பித்தேன். "நாப்பத்தாறு வயசாவுது லத்தீஃபா, இன்னும் எருமை கதையா?" என்றவர், தண்ணீர் மோட்டார் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். வருத்தமெல்லாம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9

அவர் தம்பி யூசுப் அங்கிருந்து போன் செய்தார். கடையில் மயங்கி விழுந்துட்டாராம். பக்கவாதம். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார். மகள் ஹுமைரா திருச்சியிலிருந்து கிளம்பி வருகிறாள். யா அல்லாஹ்.

செப்டம்பர் 2

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தார். என்னைத் தெரிகிறது. பேச்சுதான் இல்லை. வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல் வருகிறது — "மாடி". தண்ணீருக்கும் மாடி, வலிக்கும் மாடி. மகளைப் பார்த்து அழுதபோதும் "மாடி, மாடி". எங்கள் வீட்டில் மாடியே கிடையாது.

செப்டம்பர் 16

தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணைப் பார்த்தோம். ஹுமைராவைவிடச் சின்னவள். "சின்னச் சின்ன வாக்கியமா, படம் காட்டிப் படிங்கம்மா. குழந்தைங்க புத்தகம் எங்கயாவது கிடைக்குமா?" என்று கேட்டாள்.

நான் லைப்ரேரியன்ம்மா என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அழுகை. அவள் டிஷ்யூ பேப்பரை நீட்டினாள்.

அக்டோபர் 4

முதலில் எருமையைத்தான் படித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மாப்பிள்ளை குளத்தில் இறங்கிய பக்கம் வந்ததும் தலை திரும்பியது. எருமையின் மேல் இடது கையை வைத்தார். சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனாலும் அது சிரிப்புதான்.

மறுபடி அந்தப் பக்கத்தையே தட்டினார். ஏழெட்டுத் தரம் படித்திருப்பேன்.

நவம்பர் 12

நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். நூலகத்துக்கு நாலு பேர்கூட வரவில்லை.

மக்ரிப் தொழுகை முடிந்ததும் தலையணையைத் தட்டி என்னைக் கூப்பிடுகிறார். சிறுவர் அலமாரியில் பாதி முடிந்துவிட்டது. இப்போது வளர்ந்த பிள்ளைகளுக்கான நாவல் ஒன்று. பரீட்சையில் தோற்ற பெண் ஒருத்தி, அப்பா ஓட்டுகிற லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகிறாள். இன்று அந்த அப்பா அவளை எல்லார் முன்னாலும் அடித்துவிடுகிறான். மேலே படிக்க விடாமல் புத்தகத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். ஹுமைரா பிளஸ் டூ படித்ததும் தெரியாது, ரிசல்ட் வந்ததும் தெரியாது அவருக்கு. லீவில் வந்து போனதை எல்லாம் கூட்டினாலும் வீட்டில் இருந்தது மூன்று வருஷம் தேறுமா?

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி நாங்கள் உட்கார்ந்ததே இல்லை.

டிசம்பர் 3

இன்று "லத்தீஃபா" என்றார். முழுசாக.

ஜனவரி 21, 2024

சொற்கள் திரும்பி வருகின்றன. திக்கித் திக்கித்தான், ஆனால் சண்டையே போடுகிறார். "அந்தப் புள்ள… லாரிய விட்டு… எறங்கியிருக்கக் கூடாது." எறங்குனாத்தான் மச்சான் அவ படிக்க முடியும் என்றேன். "அப்பன்… தனியா… எப்படி ஓட்டுவான்?" என்று கேட்டார். சோறு ஆறிப்போகிற வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு கதையை முடித்துவிட்டு அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள்!

பிப்ரவரி 25

கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளிவாசலுக்கு அவராகவே போய் வந்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார்.

நான்கு நாளாகத் தலையணையைத் தட்டிக் கூப்பிடவில்லை. களைப்பாக இருக்கும்.

மார்ச் 19

நோன்பு திறந்த பிறகு நெய்னா முகம்மது வந்திருந்தார், மஸ்கட்டில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர். மேசையில் ஆமை படம் போட்ட புத்தகம். நான் இன்றைக்கென்று எடுத்து வந்தது. "யாருக்கு அலி பாய், பேரப்புள்ள வந்தாச்சா?" என்று இவரைக் கேட்டார். இவர் முகம் செத்துப்போனது. "லைப்ரரி புஸ்தகம். தெரியாம வந்துருக்கும்" என்றார்.

தெரியாமலா?

நெய்னா போன பிறகு இவர் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். கோபமில்லை. நிதானமாக, ஒரு இடத்தில்கூடத் திக்காமல் சொன்னார். "இனிமே கொண்டு வராத லத்தீஃபா. நீ செஞ்சத நான் மறக்கல. ஆனா இதப் பாத்தாலே பேச்சு வராம கெடந்ததுதான் ஞாபகம் வருது."

"சிரிச்சீங்களே மச்சான். அந்த எருமைக்கு எப்படிச் சிரிச்சீங்க."

"வேற என்ன வந்துச்சு எனக்கு? அது ஒண்ணுதான் வந்துச்சு. அதான் சிரிச்சேன்."

அடுப்படியில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 20

அவர் சொன்னதில் என்ன தப்பு? எழுந்து ஒண்ணுக்குப் போகக்கூட முடியாமல் கிடந்த மனுஷன். அவருக்கு அது நரகம். அதே நாட்கள் எனக்கு — எழுதவே கை கூசுது. எனக்கு அதுதான் நாங்க வாழ்ந்தது.

ஊர் முழுக்க அல்ஹம்துலில்லாஹ்ங்குது. நானும்தான் சொல்றேன், அஞ்சு வேளையும் சொல்றேன். ஆனா பாழாப்போன மனசு அந்த ஆளைத் தேடுதே. படத்தைத் தட்டிக் காட்டுன ஆளை. யாராவது இப்படி நினைப்பாங்களா? நோன்பும் அதுவுமா.

ஏப்ரல் 11

பெருநாள். ஹுமைரா வந்தாள். "அத்தா பழையபடி ஆயிட்டாங்கம்மா!" என்று கட்டிக்கொண்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 18

யூசுப் ஊரோடு வந்து நாகப்பட்டினத்தில் கடை போட்டிருக்கிறார். இவரும் தினம் பஸ் ஏறிப் போய் கல்லாவில் உட்காருகிறார். வீட்டில் இரண்டு வேளையும் பேச்சு நன்றாகவே இருக்கிறது. யார் வந்தார்கள், எந்தச் சரக்கு தீர்ந்தது. நான் கேட்டுக்கொள்கிறேன். உடம்பு தேறியிருக்கிறது. கம்பு தேவைப்படவில்லை.

நூலகத்தில் மத்தியானம் ஆள் குறைந்த நேரத்தில் ஒரு நாவல் எடுத்தேன். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி கால்பந்து அணியில் கோல் காக்கப் போகிற கதை. நல்ல கதை. முன்பென்றால் ஒரே மூச்சில் முடித்திருப்பேன். இப்போது முடிவதில்லை. எனக்கே தெரியாமல் வாய்க்குள் சொல்லிச் சொல்லி, மெதுவாகப் படிக்கிறேன். ஒரு வரி முடிந்ததும் நிற்கிறேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.