அறுபத்திரண்டாம் பக்கம்

திண்டிவனம்,
வியாழக்கிழமை

அன்பு நண்பன் இப்ராஹிம் ஷாவுக்கு, சுப்புராயன் எழுதிக்கொள்வது.

நாளை உங்கள் ஊர்ப் பையன் இர்பான் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறான். இதை உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். இந்த வாரம் இரண்டு முறை உனக்குப் போன் செய்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ரசியாவுக்கு மார்பில் கட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. ஆரம்பத்திலேயே பார்த்தாயிற்று, உடனே ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம் என்றார்களாம். அவள் போகவில்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று உன்னிடம் சொல்லவும் இல்லை. போன வாரம் பார்த்தபோது என்னிடமும் சத்தியம் வாங்கினாள். அதைத்தான் இப்போது மீறுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை உன் மகள் முஸ்கான் கோட்டக்குப்பத்திலிருந்து போன் செய்தாள். தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கணுமா, வெதுவெதுப்பாகவா என்று கேட்டாள். என் புத்தகத்தில் அது இல்லையாம். பிள்ளை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாளே என்ற பூரிப்பில் பதில் சொல்லவே ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான், யாருக்கம்மா என்று கேட்டேன். அம்மாவுக்கு, முப்பது நாளாகியும் கட்டி குறையவில்லை என்றாள்.

தொட்டிக் குளியல் வைத்தியர் கண்ணையனைப் பற்றி நான் எழுதிய அதே புத்தகம்தான். எண்பது வருடத்துக்கு முன் இந்த ஊரில் வைத்தியம் பார்த்தவர். நீ பத்துப் பிரதி கொண்டுபோய் அங்கே எல்லோருக்கும் கொடுத்தாயே. அதில் அவருடைய நோட்டிலிருந்து ஒரு மேற்கோள் இருக்கிறது: “பெருமுக்கல் ஸ்திரீ. வயது 36. மார்பில் கட்டி. நாற்பத்திரண்டு நாள் ஸ்நானம். கட்டி கரைந்தது.” அடிக்குறிப்பில் நோட்டு, பக்கம் 61 என்று போட்டேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

மறுநாளே என் மனைவி வடிவும் நானும் உன் வீட்டுக்குப் போனோம். கொல்லையில் நீலப் பிளாஸ்டிக் தொட்டி கிடந்தது. அடுத்த பக்கத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டேன், இதை நம்பாதே என்று கெஞ்சினேன். ரசியா சிரித்தாள்.

“பக்கம் நம்பரெல்லாம் போட்டு எழுதுனது நீங்கதானே அண்ணே? இப்ப ஆஸ்பத்திரிக்காரங்க பேச்சக் கேட்டுக்கினு மாத்திப் பேசறீங்க.”

அந்த நம்பரை ஜனங்கள் நம்ப வேண்டும் என்றுதான் போட்டேன்.

நேற்று விழுப்புரம் போய், கண்ணையனின் பேத்தி பரிமளாவிடம் நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன். எங்க தாத்தா எழுதினதை முழுசாப் போட்டிருக்கலாமே சார் என்று மட்டும் கேட்டாள். திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டில் பழுதாகி ஒரு மணி நேரம் நின்றது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அறுபத்திரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தேன். “கட்டி மீண்டும் கண்டது. முன்னிலும் பெரிது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதது என் பிழை. மாசி 9, ஸ்திரீ மரணம்.”

அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது நான். பார்க்காமல் எழுதினேன் என்று ரசியாவிடம் சொன்னதும் பொய், இப்ராஹிம். புத்தகம் எழுதும்போதே படித்தேன். ‘கரைந்தது’ என்று முடிந்தால் அத்தியாயம் எடுப்பாக இருக்கும் என்று அங்கேயே நிறுத்திக்கொண்டேன். இதை நேற்று வடிவிடம் சொன்னேன். அதிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

ஆனாலும் இன்று காலை அவளே ஒரு ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு ரசியாவிடம் போனாள். ரசியா அதைக் கையில் வாங்கவே இல்லையாம். “இன்னும் கொஞ்ச நாளுதான் அண்ணி, முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்” என்றாளாம்.

இதோடு இரண்டு பக்கமும் இருக்கின்றன. கண்ணையன் கையெழுத்து கொஞ்சம் கிறுக்கல், நிதானமாகப் பார்த்தால் புரியும். கடிதம் கிடைத்த உடனே அவளைப் போனில் கூப்பிட்டு, இரண்டு பக்கத்தையும் இடையில் நிறுத்தாமல் வாசித்துக் காட்டு. பிறகு புறப்பட்டு வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. என் வீட்டுப் படி ஏற உனக்கு மனம் வராது, அது எனக்குத் தெரியும்.

ரசியா நூறு வயது இருக்க வேண்டும். சுப்புராயன் தெரிந்தே பொய் எழுதினான் என்று அவளிடம் சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீ சொல்.

இப்படிக்கு,
உன் நண்பன் என்று எழுதக் கை கூசுகிற
சுப்புராயன்