முப்பத்திரண்டாம் நாள் அழைப்பு

பிரின்டரிலிருந்து வந்து சூடு ஆறாத ஒரு தாளை நேற்றுக் காலை கார்த்திக் என் மேசையில் வைத்தார். அதன் கடைசி வரியில் உம்முடைய வீட்டு விலாசம் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி நான் கடிதம் எழுதுகிற ஆளில்லை என்பது உமக்குத் தெரியும்.

எங்கள் சுவிஸ் மளிகைக் கடையின் எம்மன்புரூக்கே களஞ்சியத்தையும் பூம்ப்ளிஸ் கிளையையும் ஒரே கணினி டொமைனுக்குள் கொண்டுவருகிறோம். வாடிக்கையாளர் விவரமெல்லாம் இருக்கிற சிஆர்எம், நீர் கட்டியெழுப்பியது, அதுவும் இடம் மாறுகிறது. பழைய டொமைன் வெள்ளியோடு நிறுத்தம். வேலையை எடுத்துச் செய்யும் கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரர். தாளிலிருந்த பெயர்களைக் காட்டிச் சொன்னார்:

“சார், இவங்க எல்லாம் இன்ஆக்டிவ். ரெண்டு வருஷமா ஒரு ஆர்டர்கூட இல்ல. புது டொமைனுக்கு இந்தக் குப்பை எதுக்கு? கையெழுத்துப் போட்டீங்கன்னா இங்கயே விட்டுட்டுப் போயிடலாம்.”

பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் நான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் 31 என்ற குறிப்பைக் கண்டேன்.

அந்த எண்ணுக்காக இதே மேசையில் நீரும் நானும் சண்டை பிடித்திருக்கிறோம். வியாழக்கிழமைகளில் எல்லா வீடுகளுக்கும் மீன், மரக்கறி விலை கைத்தொலைபேசிக்குத் தானாகப் போகும். செத்தவீடு நடந்த குடும்பத்துக்கு மட்டும் முப்பத்தொரு நாள் சாவுத்துடக்கு என்று 31 போட்டு, நீர் அவர்களை ‘இன்ஆக்டிவ்’ ஆக்கி, செய்தி போகாமல் தடுத்துவிடுவீர்.

“துடக்கு வீட்டிலையும் சமைக்கத்தானே வேணும்? ஏன் வியாபாரத்தை விடுறீர்?” என்று கேட்டேன்.

“இறால் மலிவெண்டு செத்தவீட்டுக்கு மெசேஜ் போனால், பிறகு அந்த வாசலிலை நீர் போய் நிப்பீரோ? முப்பத்தொண்டு கழியட்டும். அடுத்த நாள் நான் போன் எடுத்துக் கதைக்கிறன். நீர் போய் உம்மடை கொன்டெய்னரைப் பாரும்.”

எடுத்தால் அரை மணித்தியாலம் கதைப்பீர். அதன்பிறகுதான் பழையபடி மாற்றிவிடுவீர். அந்த அரை மணித்தியாலத்தை நான் வீண் என்றே நினைத்திருந்தேன்.

நான்கில் மூன்று, உம்முடைய கடைசி மாதத்தில் நீர் நிறுத்திவைத்த வீடுகள். நீர் போனதும் அவர்களும் போய்விட்டார்கள், நன்றி கெட்டவர்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நான்காவது உம்முடைய வீடு. உமது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு உம்முடைய மனைவி எங்களிடம் ஒரு கறிவேப்பிலைகூட எடுக்கவில்லை. உம்மை ஓயவிடாமல் வேலை வாங்கினேன் என்று என்மேல் கோபம் போலும் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. அந்தப் பக்கம் போகவில்லை.

அலுவலகத்தைப் பார்க்கும் றஜனியைக் கூப்பிட்டேன். “இந்த வீட்டை ஆர் நிப்பாட்டினது?”

“நான்தான் அண்ணை. அவர் செத்தண்டே போட்டிட்டன். அப்பிடித்தானே அவர் பழக்கினவர்?”

“முப்பத்தொண்டு முடிய ஏன் மாத்தேல்லை?”

“அது அவரின்ரை வேலையெல்லோ அண்ணை. அவர்தானே போன் எடுக்கிறவர்.”

ஆக, இரண்டு வருடமாக அந்த நான்கு வீடுகளுக்கும் செய்தியும் போகவில்லை, அழைப்பும் போகவில்லை. கார்த்திக் தாளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஒரு பெயரும் விடாமல் எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொன்னேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு உம்முடைய மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“தங்கச்சி, நான் கடையிலையிருந்து... நல்ல பாரை மீன் வந்திருக்கு.”

“ரெண்டு வருசமாச்சு அண்ணை. இப்பதானோ உங்கடை கடையிலை துடக்குக் கழிஞ்சது?”

பிழை எங்கள் பக்கம் என்று சொன்னேன். விளக்கவில்லை, விளக்கினால் றஜனியில் பழி போட்டதாகும். “ரெண்டு கிலோ அனுப்புங்கோ,” என்றாள். “அவர் இருந்தால் பாரை வேண்டாமெண்டிருப்பார். எனக்குப் பிடிக்கும்.”

புதிய டொமைனில் கார்த்திக் ஓர் ஏற்பாடு செய்து தந்திருக்கிறார். எந்த வீட்டுக்கு 31 போட்டாலும் முப்பத்திரண்டாம் நாள் காலை என் திரையில் அந்தப் பெயர் வரும். மற்ற மூன்று வீடுகளுக்கும் எடுத்துவிட்டேன். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் போனை வைத்துவிட்டார், ஒருவர் யோசித்துச் சொல்கிறாராம்.

உம்முடைய வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. நீர் எடுத்தவுடன் வீட்டுச் சுகம் கேட்பீர். நான் இன்னும் மீனில்தான் தொடங்குகிறேன்.