நான்கு பிளேயர்களும் உன் கல்யாண டிஸ்க்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அந்த அளவுக்கு நலம். நீயும் மருமகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்கிறாள், அம்மாவின் அலமாரியை மட்டும் அவளும் திறக்கவில்லை நானும் திறக்கவில்லை. மாடிக் குழாய் ஒழுகியதைச் சரி செய்துவிட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு அம்மாவால் பயணம் செய்ய முடியவில்லை, அவளை விட்டு நானும் வரவில்லை. கல்யாண வீடியோவைப் போட்டு நீ அனுப்பிய ப்ளூ-ரே டிஸ்க் வந்த அன்றே கடைக்குப் போய் அதற்கான டிரைவ் வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிரைவ் மட்டும் போதாது சார், தனியா ஒரு பிளேயர் சாஃப்ட்வேர் வேணும், நாலு இருக்கு, போட்டுப் பாத்து எடுத்துக்குங்க என்றார் கடைக்காரர். சோதிப்பது என்றால் உன் அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும், முப்பத்தொரு வருடம் பம்பு கம்பெனியில் அதைத்தானே செய்தேன். நோட்டில் கோடு போட்டு படம், சத்தம், மெனு, வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க் வைத்தேன். முதல் பிளேயரில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை. உள் அறையில் படுத்திருந்த அம்மா, சத்தம் கெடக்கட்டும், புள்ள முகம் தெரியுதுல்ல, கொண்டாந்து போடுங்க என்றாள். என் மகன் கல்யாணத்தை அரைகுறையாகக் காட்டமாட்டேன், இரு என்றேன். இரண்டாவதில் நீ வாயை மூடிய பிறகு உன் குரல் வந்தது. மூன்றாவது எல்லாவற்றிலும் பிரமாதம், ஆனால் காசு கட்டும்வரை அதன் பெயரைத் திரையின் குறுக்கே, சரியாக மருமகள் நெற்றியில் எழுதி வைத்திருந்தது. அப்போதே கட்டியிருக்கலாம் தம்பி. நான்காவதைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது என்று தோன்றிவிட்டது. தம்பியை போன்ல அனுப்பச் சொல்லிக் காட்டிடலாம்ப்பா என்று அக்கா சொன்னாள், உள்ளங்கை அளவுத் திரையில் கல்யாணமா என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன். என்னை மட்டும் எப்படித்தான் சோதிக்காமக் கட்டிக்கிட்டாரோ என்று அம்மா அக்காவிடம் சொல்லிச் சிரித்தாளாம். இப்படியே மூன்று வாரம். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை முதலிலிருந்து போடுவேன், அந்த ஆரம்ப இசை சுவரைத் தாண்டிக் கேட்டுக் கேட்டு அவளே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள்.

நான்காவது நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கியது. புதன்கிழமை காசு கட்டினேன். மறுநாள் சாயங்காலம் காட்டிவிடலாம் என்று, கம்ப்யூட்டரைக் கட்டில் பக்கம் நகர்த்த அன்றே நீள ஒயர் வாங்கி வைத்தேன், சாய்ந்து பார்க்கத் தலையணையைக்கூட அடுக்கி வைத்தேன். வியாழன் காலை அவளுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

நீ வந்து இறங்கியதும் வாசலிலேயே நின்று, அம்மா பாத்தாங்களாப்பா என்று கேட்டாய். பாத்தா, ரெண்டு தடவ பாத்தா என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றிப்பா என்று அழுதாய். அவள் பார்க்கவில்லை தம்பி. ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. படம் ஓடியது, முகம் தெரிந்தது, நான்தான் காட்டவில்லை. என் நோட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, அவள் ஆசைக்கு ஒரு கட்டம் போடவில்லை. உன்னிடம் பொய் சொன்னதைவிட அந்த நன்றியை வாங்கிக்கொண்டதுதான் அதிகமாக உறுத்துகிறது.

கோபம் வந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, இந்த வீட்டில் இப்போது போன் அடித்தால் எடுக்க நான் ஒருவன்தான். மருமகளிடம் எதையும் மறைக்காதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இரண்டு பேரும் குறைவில்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்திதான். நீ அன்று வாசலில் சொன்ன நன்றியை இந்தக் கடிதத்தோடு திருப்பித் தருகிறேன், அது என்னுடையது இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா