டொக்டருக்கு முதலாம் வருடம்

தோர்ண்டன் ஹீத்
9 நவம்பர் 2025

அன்புள்ள மகள் ஜெனோஜாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் தொலைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் உன் சுகத்தை விசாரிக்க வழியில்லை. ஆண்டவர் கிருபையால் சுகமென்றே வைத்துக்கொள்கிறேன். “எனக்கு வரும் கடிதங்களை இங்கே அனுப்பவும்” என்று ஃபிரிட்ஜில் ஒரு முகவரி ஒட்டிவிட்டுப் போயிருந்தாய். மூன்று மாதமாக உனக்குக் கடிதம் ஒன்றும் வரவில்லை. ஆகவே நானே ஒன்று எழுதி அனுப்புகிறேன்.

பங்கு மண்டபத்தில் நான் வைத்த விருந்து உனக்குப் பிடிக்கவில்லை என்பதை, நீ அடுத்த நாள் வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஊகித்துக்கொண்டேன். கேக்கில் ஸ்டெதஸ்கோப் வரையச் சொன்னது நானல்ல. அது கேக் செய்த ரஜனியின் சொந்தக் கற்பனை.

நீ யோசித்துப் பார். ஐந்து வருடத்துக்கு முன் பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கும்போது, என் மகளுக்கு மருத்துவம் கிடைத்திருக்கிறது என்றேன். அப்போது கிடைத்தது உயிர்மருத்துவ விஞ்ஞானம்தான். ஒரு வருடத்தில் எப்படியும் மருத்துவத்துக்கு மாறிவிடுவாய் என்று நம்பி, ஒரு வருடம் முன்கூட்டியே அறிவித்தேன். நன்றிப் பூசையும் ஒப்புக்கொடுத்தோம். மருத்துவத்துக்கு ஐந்து வருடம் என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். ஐந்து வருடம் முடிந்ததும் விருந்து எங்கே என்று கேட்டார்கள். வைத்தேன். இதில் நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

ஞாயிறு தோறும் எல்லோரும் டொக்டரை விசாரிக்கிறார்கள்.

அன்புடன்
அப்பா
(அ. செபஸ்தியாம்பிள்ளை, பங்குச் சபைச் செயலாளர்)


ஃபாரஸ்ட் கேட்
16 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ‘தந்தைக்கு ஒரு கடிதம்’ எழுதி மூன்று முறை பரிசு வாங்கியிருக்கிறேன். மூன்றிலும் நான் சுற்றுலா போயிருந்தேன். உண்மையான செய்தி எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்னதை நீங்களே நம்பத் தொடங்கிவிட்டீர்களோ என்று எனக்குப் பயம். நான் டொக்டர் இல்லை. உயிர்மருத்துவ விஞ்ஞானத்தில் செக்கன்ட் லோவர், இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை, எடுத்தவள். இரண்டு வருடமாக ஒரு வைத்தியசாலை வாட்டில் உதவியாளராக வேலை செய்கிறேன். கழுவுவது, ஊட்டுவது, பிரஷர் பார்த்து எழுதுவது.

ஏன் செக்கன்ட் லோவர் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், கிழமை முழுவதும் மருத்துவ மாணவர்களின் புத்தகங்களை வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். என் சொந்தச் சோதனையில் அவற்றிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

இப்போது அந்த வாசிப்புக்கு ஒரு பயன் வந்திருக்கிறது. பட்டதாரிகள் மருத்துவம் படிக்க ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. செப்டெம்பரில் எழுதினேன். செக்கன்ட் லோவர் என்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒருசில இடங்கள் தேர்வுப் புள்ளியை மட்டும் பார்க்கின்றன. அங்கே விண்ணப்பித்திருக்கிறேன். பெப்ரவரியில் நேர்முகத்துக்குக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் விடலாம். தயவுசெய்து இதை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம்.

அந்தக் கேக்கை வெட்டியது நான்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எல்லோருக்கும் துண்டு கொடுத்தேன். அதனால்தான் வீட்டில் இருக்க முடியவில்லை. நீங்கள் ஆரம்பித்ததை நீங்களே ஒரு ஞாயிறு திருத்திச் சொல்லுங்கள். நானும் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

ஜெனோஜா


தோர்ண்டன் ஹீத்
30 நவம்பர் 2025

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைக் கண்டு மிகவும் சந்தோசம். எழுத்துப் பிழை இரண்டே இரண்டு.

நுழைவுத் தேர்வு எழுதியது நல்ல காரியம். உன் அம்மா இருந்திருந்தால் இன்றைக்கே மெழுகுதிரி கொளுத்தியிருப்பா. திருத்திச் சொல்வது பற்றி யோசித்தேன். செயலாளராக இருந்த இந்தப் பதினொரு வருடத்தில் நான் பூசையில் பிழைதிருத்தம் வாசித்தது ஒரேயொரு முறை, யாத்திரை பஸ் புறப்படும் நேரம் பற்றி. அதற்கே சனம் ஒரு மாதம் முணுமுணுத்தது. இதைத் திருத்துவதென்றால் எந்த வருடத்திலிருந்து தொடங்குவது? விருந்தில் பாதர் சொன்ன வாழ்த்துரையையும் திருத்த வேண்டுமே. நீ உண்மையில் மருத்துவத்துக்குள் போய்விட்டால் திருத்தவே தேவையில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். செபிக்கிறேன்.

மற்றபடி, உன் பெயருக்கு இங்கே ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை பியற்றிஸ் மாமி, தண்ணீர் வெளியேற்றும் குளிசையால் பூசை நேரத்தில் அடிக்கடி எழும்பிப் போக வேண்டியிருக்கிறது, டொக்டர் பிள்ளையிடம் கேட்டுச் சொல்லும் என்றார். பூசை நாளில் அந்தக் குளிசை வேண்டாம் என்று நீ சொன்னதாகச் சொன்னேன். மாமிக்கு உன்மேல் நல்ல மதிப்பு.

அன்புடன்
அப்பா


ஃபாரஸ்ட் கேட்
11 ஜனவரி 2026

அப்பா,

பியற்றிஸ் மாமி நத்தாருக்கு மகன் றொஜன் வீட்டுக்கு ஈஸ்ட் ஹாம் வந்த இடத்தில் மூச்சு எடுக்க முடியாமல் விழுந்திருக்கிறார். அம்புலன்ஸ் எங்கள் வைத்தியசாலைக்குத்தான் கொண்டுவந்தது. இரண்டாம் நாள் எங்கள் வாட்டுக்கு மாற்றினார்கள். நான் மாமிக்கு மலச்சட்டி வைக்கும்போது என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

“எட ஜெனோஜா பிள்ளையே! டொக்டர்மாரும் இப்ப இந்த வேலை செய்யினமே?”

“நான் டொக்டர் இல்லை மாமி.”

“தெரியும் பிள்ளை. இந்த நாட்டிலை ஆள் காணாது. எல்லாரும் எல்லாம் செய்யத்தான் வேணும்.”

“இல்லை மாமி. நான் டொக்டருக்குப் படிக்கவே இல்லை.”

மாமி என் கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப அந்தக் குளிசை?”

“எந்தக் குளிசை?”

“பூசை நாளிலை போடவேண்டாம் எண்டு நீ சொன்னதாம். அப்பாதான் சொன்னவர்.”

மாமிக்கு இதயம் பலவீனம். அந்தக் குளிசைதான் அவருடைய நுரையீரலில் நீர் ஏறாமல் வைத்திருந்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அது திருவருகைக் காலம். திருவருகைக் காலத்தில் மாமி நாள்தோறும் பூசைக்குப் போகிறவர். நாள்தோறும் பூசை நாள். நத்தார் வரைக்கும் ஒரு குளிசையும் போடவில்லை. டொக்டர் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நோயாளியை நான் இந்த வாட்டில் கண்டதில்லை.

வாட்டுக்குப் பொறுப்பான தாதியிடம் போய், குளிசையை நிறுத்தச் சொன்னது என் அப்பா, சொன்னது என் பெயரில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். என் வேலைக்கு என்ன வருமென்று தெரியவில்லை.

அறைக்கு வந்துதான் உங்கள் நவம்பர் கடிதத்தைத் திறந்தேன். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கோபம் வந்து, அன்று அதை யன்னல் ஓரம் வைத்துவிட்டேன். வந்த அன்றே திறந்திருந்தால் மாமிக்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதுமாயிருந்திருக்கும்.

மாமி பிழைத்துவிட்டார். இன்னும் யார் யாருக்கு நான் வைத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்? அதையாவது எழுதுங்கள்.

ஜெனோஜா


தோர்ண்டன் ஹீத்
18 ஜனவரி 2026

அன்புள்ள மகளுக்கு,

மாமியைப் போய்ப் பார்த்தேன். திராட்சை வாங்கிப் போனேன். கட்டில் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்தேன். மாமி கையைப் பிடித்து, “செபஸ்தி, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீரும் சொல்லாதையும். டொக்டரைத் தெரியும் எண்டு சொல்லித்தான் நான் என்ரை மருமகளை வாய்திறக்க விடாமல் வைச்சிருக்கிறன்” என்றார். மாமியே இப்படிச் சொன்ன பிறகு நான் அவசரப்பட்டு ஏதாவது அறிவித்தால் அது மாமியின் மனதையும் நோகப்பண்ணும்.

வேறு மூன்று பேருக்கு மட்டும்தான் வைத்தியம் சொல்லியிருந்தேன். இரண்டு பேருக்கு இஞ்சித் தேத்தண்ணி. ஒருவருக்கு நடை. அவர்களிடம் போய், சொந்த டொக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இனி யார் கேட்டாலும், மகளுக்கு வேலைப்பளு, தொந்தரவு செய்ய ஏலாது என்றே சொல்வேன்.

நித்திரை வருவதில்லை.

அப்பா


ஃபாரஸ்ட் கேட்
29 மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது. மருத்துவம். செப்டெம்பரில் முதலாம் வருடம், நான்கு வருடப் படிப்பு. வாட்டிலும் விசாரித்து, எச்சரித்து, வேலையில் வைத்திருக்கிறார்கள்.

நேர்முகத்தில் நேர்மை பற்றிக் கேட்டார்கள். வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் சொல்லட்டாம். மற்றப் பிள்ளைகள் உதாரணம் தேடியிருப்பார்கள், எனக்கு அந்தப் பஞ்சம் இருக்கவில்லை. கேக்கிலிருந்து தொடங்கி மாமி வரைக்கும் சொன்னேன். திறக்காத கடிதத்தையும் சொன்னேன். ஒரு பெண்மணி பேனையை வைத்துவிட்டு, “இப்போது உங்கள் ஆலயத்தில் உங்களை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்றார். டொக்டர் என்றேன். “அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” அப்பா சொல்லுவார் என்றேன்.

பார்த்தீர்களா, அங்கேயும் உங்களை நம்பித்தான் பேசினேன். ஐந்து வருடமாகப் பொய்யாக இருந்தது இப்போது உண்மையாகத் தொடங்குகிறது. ஒரே ஒரு வசனம்: என் மகள் இந்த வருடம்தான் மருத்துவம் படிக்கத் தொடங்குகிறாள். இந்தமுறை உங்களுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிர்த்த ஞாயிறு அன்று சொல்லுங்கள். நான் வருகிறேன். பின்வரிசையில் நிற்பேன்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் சொன்ன பிறகு அழைப்பு எடுங்கள்.

அன்புடன்
ஜெனோஜா


தோர்ண்டன் ஹீத்
5 ஏப்ரல் 2026, உயிர்த்த ஞாயிறு

என் அன்பான மகளுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்புப் பக்கம் நின்று அழுதேன். செக்கன்ட் லோவரோடு உள்ளே போவது எல்லோராலும் ஏலுமான காரியமா? இதை வெளியே கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் யாரிடம் கத்துவது? இவர்கள் ஏற்கெனவே நன்றிப் பூசை கண்டு, விருந்தும் சாப்பிட்டு முடித்தவர்கள்.

இன்று காலை பீடத்தில் ஏறும் மட்டும் உன் வசனத்தையே மனதில் சொல்லிக்கொண்டு போனேன். ஏறி நின்றதும், முன்வரிசையில் எல்லோரும் புது உடுப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆண்டவரே காட்டியதுபோல் ஒரு வழி தோன்றியது. “டொக்டர் ஜெனோஜா நான்கு வருட மேற்படிப்புக்குத் தெரிவாகியிருக்கிறார்” என்றேன். நான்கு வருடம் உண்மை. படிப்பு உண்மை. ஒருவருக்கும் நோகவில்லை. கைதட்டினார்கள்.

நீ பின்வரிசையில் நின்றதைக் கண்டேன். தலையாட்டுவாய் என்று பார்த்தேன். பாஸ்கா மெழுகுதிரிப் பக்கம் கண்ணைத் திருப்பி மீண்டும் பார்ப்பதற்குள் உன் இடம் வெறுமையாக இருந்தது. அழைப்பு எடுத்தேன், உன் தொலைபேசி மறுபடி தடுக்கிறது.

அப்பா


ஃபாரஸ்ட் கேட்
19 ஏப்ரல் 2026

அப்பா,

உங்கள்மேல் இப்போது கோபமில்லை. கோபம் இருந்தபோது எழுதியவற்றில் ‘நீங்கள் சொல்லுவீர்கள்’ என்ற நம்பிக்கையும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே போய்விட்டன.

ஆகஸ்ட் முடிவில் இந்த அறையை விட்டுப் போகிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஊர் என்று நான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இனியும் எழுதப்போவதில்லை. அங்கே என் பெயர் ஜெனோஜா மட்டும்தான். யாராவது அங்கே வந்து டொக்டர் என்று கூப்பிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்கவைப்பதை நான் விரும்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குளிசைகளை ஒழுங்காகப் போடுங்கள், பூசை நாளிலும்.

ஜெனோஜா


தோர்ண்டன் ஹீத்
13 செப்டெம்பர் 2026

அன்புள்ள மகளுக்கு,

நீ இந்த முகவரியில் இருக்கமாட்டாய் என்பது தெரியும். வேறு முகவரி என்னிடம் இல்லை.

இன்று பூசை முடிவில், மண்டபக் கூட்டம் பற்றிய அறிவித்தலுக்குப் பிறகு, வாசித்தேன். எழுதிக்கொண்டு போனேன், பார்த்து வாசிக்கும்போது வேறு வழி ஒன்றும் தோன்றாது என்பதால். “என் மகள் ஜெனோஜா டொக்டர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நான் உங்களுக்குச் சொன்னது பொய். இந்த மாதம்தான் முதலாம் வருடம் தொடங்குகிறாள்.” ஒருவரும் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும் ரஜனிதான் முதலில் பிடித்தாள். “அண்ணை, கண்ணூறு படும் எண்டு மறைக்கிறியள். எங்களுக்கு விளங்காதே? பிள்ளைக்குப் பெரிய இடம் கிடைச்சிருக்கு.” இல்லை என்றேன். சிரித்தார்கள். பியற்றிஸ் மாமி பொல்லை ஊன்றி நடுவில் வந்து, “அவர் சொல்லுறது உண்மை. பிள்ளை எனக்குச் சட்டி வைச்சவள்” என்றார். “பாவம், மாமிக்கு வயசு போட்டுது” என்று கதிரை கொண்டுவந்து இருத்திவிட்டார்கள்.

“சரி, அப்ப எந்த யூனிவேசிட்டி? அதைச் சொல்லுங்கோவன்” என்றாள் ரஜனி.

“எனக்குத் தெரியாது.”

“பாத்தியளே! பெத்த தகப்பனுக்குத் தெரியாதாம்!”

வரும் ஞாயிறும் அதையே வாசிக்கப்போகிறேன். பாதரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்பேன்.

உன் தடித்த ஜக்கெற் இங்கே அலமாரியில்தான் தொங்குகிறது. நீ இருக்கும் இடத்தில் குளிர் எப்படியென்று தெரியவில்லை.

அப்பா