உன் பட்டியலில் இல்லாத பழம்

அம்மா,

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்கு வெளியே இன்று காலை ஒரு தள்ளுவண்டி நிறையப் பட்டர் ஃப்ரூட் வந்திருந்தது. வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒன்றை நெடுக்காக வெட்டி, கொட்டையோடு மேலே வைத்திருந்தார்கள். ஓரத்தில் பச்சை, நடுவில் மஞ்சள். "தகொள்ளி மேடம், இன்னிக்கே ஜூஸ் போடலாம், அவ்வளவு பழுத்திருக்கு" என்று கன்னடமும் தமிழுமாகக் கூப்பிட்டார் வண்டிக்காரர். வண்டியை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஐந்து வருடமாக அந்தப் பழத்தை நான் வாங்குவதில்லை. நீ இருந்தபோதே ஒருமுறை கேட்டாய். கொழுப்பு அதிகம் என்றேன். "உனக்கு இருக்கிற கொழுப்புக்கு அது எந்த மூலைக்கு?" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போனாய். காரணம் அதுவல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்க நீ இல்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் இதை வேறு யாரிடம் சொன்னாலும் அர்த்தமில்லை.

மேஜர் நம் வீட்டுக்கு வந்தது தொண்ணூற்றிரண்டில். உன்னோடு டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆங்கிலோ இந்தியத் தோழி, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது தன் கிளியை உன்னிடம் கொடுத்துவிட்டார். "மனுஷங்களை விடுவானாம், கிளியை விடமாட்டானாம். என்ன ஊரோ" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவிலிருந்து அந்தப் பெரிய கூண்டை இறக்கினாய். உள்ளே, நாம் பார்த்துப் பழகிய பச்சைக்கிளி நான்கைச் சேர்த்துப் பிசைந்ததுபோல ஒரு சாம்பல் நிறப் பறவை. வால் மட்டும் ரத்தச் சிவப்பு. ஆப்பிரிக்கக் கிளி. அது என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஷட் த டோர், மேன்!"

அப்பா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. நாம் இருவர் மட்டும் இருந்த வீடு. எனக்கு அது வந்ததில் விருப்பமில்லை. "இது எத்தனை வருஷம் உயிரோட இருக்கும் தெரியுமாம்மா? அம்பது, அறுபது. யார் பார்த்துக்கறது?" என்றேன்.

"நீதான். நான் போனப்புறம் உன்கூட பேச ஒரு ஆளு வேணாமா?"

"கிளி பேசறது பேச்சா?"

"நீ பேசறதைவிட ஜாஸ்தியாத்தான் பேசுது" என்றாய்.

உண்மைதான். ஒரு மாதத்தில் அது உன் குரலைப் பிடித்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்சில் சொல்லிச் சொல்லி உன் நாக்கிலேயே தங்கிவிட்ட "லைன்ல இருங்க", "ஹோல்ட் மாடி" இரண்டையும் அடுப்படியில் பால் பொங்கும்போதுகூட நீ சொல்வாய். அதுவும் சொன்னது. பால்காரரின் "ஹாலு!" வந்தது. பிறகு டெலிபோன் மணி. நீ சோப்புக் கையோடு ஓடிவந்து ரிசீவரை எடுப்பாய். டயல் டோன் மட்டும் கேட்கும். கூண்டுக்குள்ளிருந்து அந்தத் தோழியின் சிரிப்பு வரும். "முப்பது வருஷம் ஊர்ல இருக்கிறவன் போனையெல்லாம் எடுத்தேன், ஒருத்தன் ஏமாத்தல. இது ஏமாத்துது பாரு" என்று அதன் தலையைச் சொறிந்துகொடுப்பாய். அது கண்ணை மூடிக் கழுத்தை உன் விரலுக்குள் திணித்துக்கொள்ளும்.

என்னிடம் அது அப்படி இருந்ததில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என் கை கூண்டுக்குப் பக்கத்தில் போனால் கடிக்கும். இடது கட்டைவிரலில் தையலே போட்டேன். "பயப்படறே, அதான் கடிக்குது" என்பாய். பயமில்லை, அம்மா. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொறாமை. கல்லூரியிலிருந்து நான் வரும்போது நீயும் அதுவும் பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அப்படித்தான் எனக்குத் தோன்றும்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து வீட்டு செசிலி ஆன்ட்டியோடு நீ வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டாய். நான் ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, கொடியேற்றத்திலிருந்து திருநாள்வரை அங்கேயே தங்குவதாக முடிவு. "மாதா என்ன யுனிவர்சிட்டி செனட்லயா இருக்காங்க?" என்று கேட்டேன். "வாயை மூடு. உனக்காகத்தான் போறேன்" என்றாய்.

மேஜருக்கு என்ன தர வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கூண்டுக்கு மேல் ஆணியில் குத்திவிட்டுப் போனாய். காலையில் ஊறவைத்த கடலை, சூரியகாந்தி விதை கொஞ்சம். மத்தியானம் வேகவைத்த மக்காச்சோளம், கொய்யா, பாதி பச்சைமிளகாய். உப்புப் போட்டது எதுவும் கூடாது. இரண்டு கோடு போட்டு: பிஸ்கட் கொடுக்காதே.

நான் வரி வரியாக அதன்படி செய்தேன். அது ஒன்றையும் தொடவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் அறைக் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவாய். என்னிடம் இரண்டு வார்த்தை, பிறகு ரிசீவரைக் கூண்டுக் கம்பிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வாய். "மேஜர், சாப்டியா? லைன்ல இருக்கேன்டா." அது ரிசீவரைச் சுற்றிச் சுற்றி வரும், பின்பக்கம் எட்டிப் பார்க்கும். நீ வைத்த பிறகு இரண்டு மூன்று விதையை மட்டும் கொறிக்கும்.

நாலாவது நாள் கல்லூரியிலிருந்து வந்து, வழக்கம்போல ஒரு பட்டர் ஃப்ரூட்டை வெட்டிக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தேன். பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடிக்க. இந்த ஊரில் யார் வீட்டில்தான் அது இல்லை? கூண்டுக்குள் சத்தம் கேட்டது. மேஜர் கம்பியோரம் வந்து கழுத்தை நீட்டி என் கரண்டியைப் பார்த்தது. நான் நீட்டினேன். கடிக்கவில்லை. அலகின் நுனியால் மெதுவாக எடுத்துத் தின்றது. மறுபடி கேட்டது. மறுபடி கொடுத்தேன். கால் பழத்துக்குமேல் தின்றிருக்கும். அலகெல்லாம் பச்சையாக அப்பிக்கொண்டு என்னைப் பார்த்து, உன் குரலில், "லைன்ல இருங்க" என்றது.

அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் மீதிப் பழத்தையும் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது அது கூண்டின் தரையில் பந்துபோல உப்பி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. ஏழு மணிக்கு நீ பேசியபோது தூங்குகிறது என்றேன். காலையில் கூண்டை ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் நல்ல மனிதர். "மேடம், நாய் கேளுங்க, பசு கேளுங்க. இந்தப் பக்ஷி எல்லாம் நமக்கு அஷ்டாகி கொத்தில்லா, அவ்வளவா தெரியாது. கோல்டா இருக்கும்" என்று சொட்டு மருந்து கொடுத்தார். திரும்பும் வழியில், அல்சூர் ஏரியைத் தாண்டுமுன் கூண்டுக்குள் அசைவு நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மேற்கொண்டு காசு ஏறாதபடி மீட்டரை நிமிர்த்தினார்.

அன்று ஏழு மணிக்கு நீ பேசினாய். சொன்னேன். மறுமுனையில் பூத்துக்கு வெளியே யாரோ மெழுகுவர்த்தி விற்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "நான் வரேன்" என்று வைத்துவிட்டாய். நேர்த்திக்கடன் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. செசிலி ஆன்ட்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாய்.

வந்ததும் பையைக்கூட இறக்காமல், "என்ன குடுத்தே?" என்றாய்.

"நீ எழுதி வெச்சதைத்தான்."

"சாப்ட்டுச்சா?"

"இல்ல. ஒண்ணும் சாப்பிடல."

அந்தப் பழத்தில் விஷம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கலாம். உன் குரலைத் தவிர வேறெதற்கும் அசையாத பறவை என் கையிலிருந்து ஆசையாய்த் தின்றது என்று, பையோடு நிற்கிற உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உன்னைக் காயப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை எனக்கே வைத்துக்கொள்ளவும் நினைத்தேன். இரண்டும்தான்.

நீ மெல்லக் கீழே உட்கார்ந்தாய். "ஏங்கியே போயிடுச்சு. நான் விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது" என்றாய்.

டிசம்பரில் எனக்கு வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. அதை உன்னிடம் காட்டினேன். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "கேட்டதைக் குடுத்துட்டாங்க. அதுக்கு ஒரு உசுரை எடுத்துக்கிட்டாங்க" என்றாய்.

"மாதாவுக்குக் கிளி எதுக்கும்மா?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. அதன்பிறகு நீ வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. செசிலி ஆன்ட்டி வருடா வருடம் கூப்பிடுவார். "முட்டி வலி" என்பாய். வேறு ஒரு பறவையோ பூனையோ கொண்டுவருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "ஹோகலி விடு" என்றாய்.

இரண்டாயிரத்து நாலில் எங்கள் தாவரவியல் துறைக்கு இன்டர்நெட் வந்தது. மறுநாள் வகுப்புக்காகப் பட்டர் ஃப்ரூட் மரத்தின் குடும்பத்தைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். பல வருடமாக அதன் பூவைக் கரும்பலகையில் படம்போட்டு, மகரந்தத் தாள் எத்தனை என்று பிள்ளைகளை எண்ண வைத்தவள் நான். ஒரு பக்கத்தின் அடியில் நாலு வரி இருந்தது. கூண்டுப் பறவைகளுக்கு இந்தப் பழம் கூடாது. உப்பி உட்காரும், மூச்சுத் திணறும், ஓரிரு நாளில் இறந்துவிடும். இரண்டு தடவை படித்தேன். கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ பூண்டு உரித்துக்கொண்டிருந்தாய். "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? ஹெச்.ஓ.டி. திட்டிட்டாளா?"

"தலைவலி."

மூன்று வருடம் எனக்குத் தலைவலி இருந்தது. சொன்னால் உன் மேலிருந்த பழி இறங்கும். மாதா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, நீ கைவிட்டதால் எதுவும் சாகவில்லை என்று உனக்குத் தெரியும். மறுபடி செசிலி ஆன்ட்டியோடு பஸ் ஏறியிருப்பாய். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கேட்டபிறகு நீ என்னைப் பார்க்கப்போகும் ஒரே ஒரு பார்வைக்குப் பயந்தேன். நீ திட்டியிருக்கமாட்டாய். அதனால்தான் பயம்.

கடைசியாக உன்னை இதயக் கோளாறுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, ஒரு மத்தியானம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "மேல போனா அதுகிட்ட என்னடி சொல்லுவேன்? ஏன் விட்டுட்டுப் போனேன்னு கேட்டா?"

"கிளிக்கெல்லாம் மேல எடம் கெடையாதும்மா."

"உனக்கு மட்டும் இருக்கப்போவுதாக்கும்" என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். நர்ஸ் யாரும் குறுக்கே வரவில்லை. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நேரம் இருந்தது. நீ கண்ணை மூடித் தூங்கும்வரை அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் போர்வையைச் சரிசெய்தேன்.

அடுத்த வாரம் நீ போய்விட்டாய். உன் மனதில் அந்தக் கேள்வி இருந்தபடியே போனாய்.

நீ நம்பிய இடம் என்று ஒன்று இருந்தால், இதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். உங்கள் இருவருக்குள்ளும் கணக்கு நேராகியிருக்கும். இருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை. முயன்று பார்த்தேன். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது நம்பலாம் என்றுகூட நினைத்தேன். வரவில்லை. ஆகவே உனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

போன மாதம் உன் இரண்டாம் வருட நினைவுத் திருப்பலி. முடிந்து வெளியே வந்தபோது செசிலி ஆன்ட்டி தன் மருமகளிடம் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவங்க அம்மா ஒரு கிளி வெச்சிருந்தாங்க. அம்மா அன்னந்தண்ணி குடுத்தாத்தான் அது தொடும். என்கூட வேளாங்கண்ணி வந்த பத்து நாள்ல ஏங்கியே செத்துப்போச்சு. அந்தக் கொறையிலயே அவங்களும் போய்ச் சேர்ந்தாங்க" என்று என் பக்கம் திரும்பினார். "சொல்லேன் கண்ணு. இவ நம்பமாட்டேங்கறா."

அந்த மருமகள் என்னைப் பார்த்தாள். நல்ல பெண். கேட்கத் தயாராக நின்றாள்.

"ஆமா" என்றேன். "ஒண்ணுமே சாப்பிடல."