அரைக் கட்டை இறங்கிய பாட்டு

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே போய், நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து காதை நீட்டுவார், நான் சொல்லவந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் கடைக்கு அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது, நடுவில் எழுந்து போனால் எழுத்து மாறும், கண்டுகொள்ளாதே.

விஷயம் நம் பாட்டைப் பற்றியது. நம் மெல்லிசைக் குழுவின் ஆண்டு விழாவுக்கு நீ லீவில் வந்து அப்பாவோடு சேர்ந்து அதைப் பாடுவதாகச் சொன்னதிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் இல்லை. நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்புறம் நீ பாடிப் பழகியதைப் பதிவுசெய்து அனுப்பினாய் பார், அங்கேதான் வந்தது வினை. கடையில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார், கேட்டவர் சும்மா இருப்பாரா, கூடவே பாடியிருக்கிறார். சரணத்தில் அந்த உச்சிக்குப் போகும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்துவிட்டது. எதிரே எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த அம்மாள் பயந்துபோய் 'சார், நான் தப்பா படிச்சிட்டேனா' என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து முதலில் இயர்போனைத் திட்டினார், பிறகு போனைத் திட்டினார், இது பாட்டை வேகமாக ஓட்டிச் சுருதியை ஏற்றுகிறது என்றார். மறுநாளும் பாடிப் பார்த்தார். அதற்கப்புறம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே 'வாலு தனியா பாடட்டும், நடுவுல பெருசு எதுக்கு' என்று சொல்லிவிட்டுக் கையலம்பப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் போன் மேல் தப்பு இல்லை, நீ பாடியது அசல் சுருதி. நம் வீட்டில் அந்தச் சுருதி போய்ப் பல வருஷமாகிறது. ஒரு மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தபோது, அன்று ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று நான் வாசிக்கும் கீபோர்டில் பட்டனை அமுக்கிச் சுருதியை அரைக் கட்டை இறக்கினேன். மேடையை விட்டு இறங்கியதும் 'இன்னிக்கு என் தொண்டை என்னமா பேசிச்சு பாத்தியா' என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி ஏற்றுவது? அப்படியே விட்டேன். பிறகு இன்னோர் அரை, போன வருஷம் இன்னோர் அரை, ஆகமொத்தம் ஒன்றரைக் கட்டை. குழுவில் எல்லோருக்கும் தெரியும், பாடுகிறவரைத் தவிர. நம் புல்லாங்குழல் மாமா பழைய குழலில் விரிசல் விட்டுவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, இறங்கிய சுருதிக்கு ஏற்ற நீளமான வேறு குழலைக் கொண்டுவந்து வாசிக்கிறார். நம்மவர் அதற்கு அனுதாபம் வேறு சொன்னார்.

ஆகவே நேற்று முன்தினம் கடைக்கு மேலே நம் பயிற்சி அறைக்கு அவரைக் கூட்டிப் போனேன். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகள் இரண்டு விழுந்து கிடந்தன, அதை ஒட்டவேண்டும் என்று சாக்குச் சொல்லித்தான் வரவழைத்தேன். உட்காரவைத்து அந்தப் பாட்டின் பூர்வோத்தரத்தையே போட்டுக் காட்டினேன். முதலில் அசல், ஒரே ஒரு கிட்டாரும் அதைப் பாடிய பையன் குரலும். நீ ஜன்னலைச் சாத்தும்வரை தெருமுனையில் நிற்பேன் என்று அவன் பாடும்போது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்காது. அடுத்து ஒரு பெண்மணி பாடியது, அதே வரிகள்தான், ஆனால் அவள் பாடும்போது ஜன்னலுக்கு உள்ளே நிற்கிறவளின் கதையாகிவிடுகிறது. நான் முதன்முதல் கேட்டு அழுதது அதைத்தான். அப்புறம் அந்த டிஸ்கோ கூத்து, செருப்புக் கடை முதல் சலூன் வரை அதையே போட்டு நம் உயிரை வாங்கினார்களே, அதில் காதலன் தெருமுனையில் நிற்கிறானா உடற்பயிற்சி செய்கிறானா என்றே தெரியாது. பிறகு டி.வி. போட்டியில் ஒரு பெண் அழுதுகொண்டே பாடியது, அவள் அழ, நடுவர்கள் அழ, பாட்டை யாரும் கவனிக்கவில்லை. கடைசியாக, அசலைப் பாடிய அதே ஆள் தலை நரைத்தபின் ஒரு மேடையில் பாடியது. ஒவ்வொன்றுக்கும் கீபோர்டில் சுருதியைத் தொட்டுக் காட்டினேன். அசலுக்குப் பின்னால் வந்த ஒன்றுகூட அசல் கட்டையில் இல்லை. கிழவராகிவிட்ட அந்தப் பையனே முழுசாக இரண்டு கட்டை இறக்கித்தான் பாடுகிறார், ஜனம் எழுந்து நின்று கைதட்டுகிறது. இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தைரியத்தில் 'இது நீங்க பாடறது' என்று நம் சுருதியையும் தொட்டேன்.

காது உள்ள மனுஷர், உடனே பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். 'எத்தன வருஷமா' என்றார், சொன்னேன். 'அப்ப கைதட்டினவங்க எல்லாம்?' என்றார். உங்களுக்குத்தான் தட்டினார்கள், என் பட்டனுக்கா தட்டினார்கள் என்றேன். கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவர் குனிந்து அந்தப் பட்டனைத் தானே அமுக்கி ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். 'நடுவுல வர்ற அந்த ஹம்மிங்க நீ விட்டியே, அதுவும் இதனாலதானா?' வாலு, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பெண்குரல் மட்டும் வருமே, அதை நான்தான் பாடுவேன். சுருதி இறங்க இறங்க அதன் ஆரம்பம் என் குரலுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. வாசித்துக்கொண்டே பாட மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக் குழல் மாமாவிடம் தள்ளிவிட்டேன். பொய் சொல்ல நாக்கு வரவில்லை, ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏற்பாடெல்லாம் பண்ணிவிட்டார். பல்லவியும் முதல் சரணமும் அவர் பாடுவார், அவருடைய கட்டையில், இனி ஒளிவுமறைவு கிடையாது. அது முடிந்ததும் நான் பட்டனை அமுக்கி அசல் சுருதிக்கு ஏற்றி ஹம்மிங் பாடவேண்டும், அதைப் பிடித்து நீ இரண்டாவது சரணத்தில் ஏறவேண்டும். கடைசிப் பல்லவி மூன்று பேரும், பல்லவியில் அவ்வளவு உயரம் இல்லை, அவர் வந்துவிடுவார். குழல் மாமாவிடம் சொன்னபோது 'அப்பாடா, ரெண்டு குழலையும் இனிமே மேசை மேலயே வைக்கலாம்' என்று பெருமூச்சு விட்டார். ஆகவே நீ அந்த ஏறும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பழகு, அங்கே பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வந்தால் அம்மா சொன்னாள் என்று சொல்.

எனக்குத்தான் நடுக்கம். நேற்று அதே அறையில் ஹம்மிங்கைப் பாடிப் பார்த்தேன், முதலில் துருப்பிடித்த கேட் திறக்கிற சத்தம்தான் வந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் வழிக்கு வந்தது, மூன்றாம் தடவை எனக்கே பிடித்திருந்தது. எத்தனை பாட்டு இருக்க எல்லாக் கச்சேரியிலும் ஏன் இதையே முதலில் எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டால் 'ஜனங்க கேக்கறாங்க' என்றே காலமெல்லாம் சொல்லிவந்தவர் உன் அப்பா. நேற்று நான் பாடி முடித்ததும், கையில் பசையும் முட்டை அட்டையுமாக நின்றவர், 'ஜனங்க எங்க கேட்டாங்க, நீ பாடறதக் கேக்கத்தான் எடுத்தேன்' என்றார்.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும், உன் குரலும் நீயும் நூறு வயசு வாழவேண்டும். வரும்போது அப்பாவுக்கு ஒன்றும் வாங்காதே, தொண்டைக்கு நல்ல மிட்டாய் இரண்டு பொட்டலம் எனக்கு வாங்கி வா. பால் பொங்கிவிட்டது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
(கீபோர்டு, அதோடு பாட்டும்)