சாக்கில் விழும் பந்து

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றும் அதே கதைதான். என் பந்து உயரமாக எழும்பி, அழகாக இறங்கி, க்ரீனில் விழுந்து, சிமெண்டுத் தரையில் விழுந்த மாதிரி எகிறி, அந்தப் பக்கத்து முள்ளுச்செடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அழகை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கோல்ஃபில் மற்ற அடியெல்லாம் சுமாராகத் தேறிவிட்டது. குழி இருக்கும் அந்தப் புல்வட்டத்துக்கு, அந்த க்ரீனுக்கு, கொஞ்சம் வெளியே நின்று பந்தைக் குழியருகே கொண்டுபோய் விடுகிற இந்தச் சின்ன அடி, இந்த 'சிப்' மட்டும் என்னிடம் வரமாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு வெயிலில் க்ரீன் கல்லாக இறுகிவிட்டது.

அதே இடத்திலிருந்து சம்பந்தி கோகிலவாணி அடித்தார். அடித்தார் என்று சொல்வதே தப்பு. ராசிபுரத்தில் தன் பட்டுக்கடையில் சேலையை விரித்துக் காட்டுவாரே, அந்த மாதிரி ஒரு தள்ளல். பந்து முழங்கால் உயரம்கூட எழவில்லை. க்ரீன் ஓரத்தைத் தொட்டது, உருண்டது, உருண்டுகொண்டே போனது, குழிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் அதை நின்று பார்க்கக்கூட இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

பெண் எடுத்த இடத்தில் பொறாமைப்படக் கூடாது என்று நினைக்கிறேன். பொறாமை இல்லை இது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 7

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "க்ரீன் கல்லாட்டம் கெடக்குதுங்க." அவர் மோரை ஊற்றிக்கொண்டே, "பூமி காஞ்சு கெடந்தா தண்ணி உட்டாச் சரியாப் போகுது" என்றார். போர்வெல் ரிக் வைத்திருக்கிற மனுசனுக்கு எதற்கும் ஒரே வைத்தியம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அடுத்த மாதம் 25ஆம் தேதி கோயமுத்தூர்க்காரர்களோடு பெண்கள் ஜோடிப் போட்டி. எங்கள் மைதானத்தில்தான். ஜோடிக்கு ஒரே பந்து, இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். மொத்தம் ஒன்பது குழி, குறைந்த அடியில் முடிக்கிற ஜோடிக்கு அந்தக் குழி. சம்பந்தி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்!

மைதானச் செயலாளர் கந்தப்பன் முகத்தில் ஈயாடவில்லை. என் காதுபடவே கேட்டார்: "ஏனுங்கம்மா, கொஞ்சம் நல்லா ஆடறவங்களாப் பாத்துச் சேத்திக்கலாமுங்களே?" அதற்கு சம்பந்தி, "இவிங்களும் நல்லா ஆடறவிங்கதானுங்க. சிப்பு ஒண்ணுதான், அது வந்துரும்" என்றார்.

வந்துரும் என்றால் எங்கிருந்து வரும்? ராசிபுரம் பஸ்ஸிலா? ஆனாலும், எல்லார் முன்னாலும் எனக்காகச் சொன்னாரே. தோற்றால் தோற்றுப் போகிறோம். என்னைச் சேர்த்துக்கொண்டதற்காக அவர் தலைகுனிய விடமாட்டேன். அது மட்டும் நடக்கக் கூடாது.

ஏப்ரல் 16

சம்பந்தியிடம் நேராகவே கேட்டேன், எப்படித்தான் அடிக்கிறீர்கள் என்று. வெட்கப்பட்டுவிட்டார். "எனக்குச் சொல்லத் தெரியாதுங்க சம்பந்தி. வேணும்னா பாத்துக்குங்க."

பார்த்தேன். ஒரு சாயந்திரம் முழுக்க மாப்பிள்ளை பார்க்க வந்தவள் மாதிரி பார்த்தேன். பந்து அவருடைய வலது பாதத்துப் பக்கம் இருக்கிறது, என்னைப்போல நடுவில் இல்லை. பாரமெல்லாம் இடது காலில். மணிக்கட்டு மடங்கவே இல்லை. தோளும் கையும் மட்டையும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருகின்றன. மட்டையும் வேறு! நான் பந்தை மேலே தூக்கும் வெட்ஜை எடுக்கிறேன், அவர் பந்தைத் தாழ்வாக உருட்டிவிடும் ஏழாம் நம்பர் மட்டையை எடுக்கிறார்.

இன்னொன்றும் பார்த்தேன். அடிப்பதற்கு முன் அவர் குழியைப் பார்ப்பதில்லை. க்ரீன் ஓரத்தில் ஏதோ ஓர் இடத்தைப் பார்க்கிறார். பந்து விழவேண்டிய இடம். அங்கே விழுந்தால் போதும், மிச்சத்தை இறுகின தரை பார்த்துக்கொள்ளும். நான் இத்தனை நாளும் அந்தத் தரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், இவர் அதை வேலை வாங்குகிறார். என்ன பொம்பளை!

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் ரிக் லாரி நிற்கும் மண்வாசல் வெயிலில் காய்ந்து எங்கள் க்ரீன் மாதிரியே கிடக்கிறது. லாரிகள் ஒடிசாவில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கின்றன, வாசல் காலி. ஒரு சாக்கை மடித்துப் போட்டேன், அதுதான் பந்து விழவேண்டிய இடம். தள்ளி, போர்வெல்லுக்குள் இறக்குகிற கேசிங் பைப் துண்டு ஒன்றை நட்டுவைத்தேன், அது குழி.

சாக்கைத் தவிர எல்லா இடத்திலும் பந்து விழுந்தது. வீட்டுக்காரர் நாற்காலி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "நீ தோண்டறே மஞ்சு. மட்டை மண்ணுக்குள்ள போவுது பாரு. எங்கூட இருந்து இருந்து உனக்கும் தோண்டற புத்தி வந்துருச்சு."

கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

ஏப்ரல் 23

பந்து சாக்கைத் தாண்டி, வேலைக்கு வரும் மாரியாயி காயப்போட்டிருந்த வடகத்தில் விழுந்தது. "அதையும் பொரிச்சுப் போடட்டுங்களா?" என்கிறாள்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்று சாக்கில் விழுந்து உருண்ட பந்து பைப்பில் மோதி 'டிங்' என்றது! ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. தோண்டாமல், தரையைச் சும்மா கூட்டிவிடுகிற மாதிரி மட்டையை விட்டால் வருகிறது. பெருக்கத் தெரிந்த கைக்கு இது ஏன் இத்தனை நாள் தெரியவில்லை?

மே 11, ஞாயிறு

ச்சே. மைதானத்தில் ஒண்ணுகூட வரலை. கந்தப்பன் பாத்துட்டு நிக்கறார்னு தெரிஞ்சதும் கை பழையபடி தோண்டப் போயிருச்சு. எனக்கெதுக்கு இதெல்லாம்? கடை கண்ணிக்குப் போயிட்டு வந்து ஊட்டுல கெடந்தா ஆகாதா?

திரும்பும்போது சம்பந்தியிடம் சொல்லியே விட்டேன், வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் காரை ஆட்டையாம்பட்டி பிரிவில் ஓரங்கட்டி நிறுத்தி, எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்து, தானும் குடித்து முடித்தபிறகு சொன்னார்: "எனக்கு உங்க கூடத்தானுங்க ஆடோணும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மே 18, ஞாயிறு

வந்துவிட்டது. மைதானத்தில், கந்தப்பன் பார்க்கும்போதே. க்ரீன் ஓரத்தில் சாக்கு கிடப்பதாக நினைத்துக்கொள்கிறேன், அதில் போடுகிறேன், உருளுகிறது. சம்பந்தி தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

மே 24, சனி

நாளைக்குப் போட்டி. வீட்டுக்காரர் மத்தியானம் போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். செருப்பெல்லாம் சேறு. இந்த வெயிலில் சேறு எங்கே கிடைத்தது? கேட்டால் சிரிக்கிறார். "நாளைக்குப் பாரு, தெரியும்."

மே 25, ஞாயிறு

முழுதும் எழுதிவிட்டுத்தான் மறுவேலை.

காலையில் முதல் க்ரீனுக்குப் போனோம். பச்சைப்பசேல் என்று இருந்தது. கால் வைத்தால் பொதக் பொதக் என்கிறது. கந்தப்பன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்: "அண்ணன் பெரிய மனசுக்காரருங்கம்மா! நம்ம போர் வத்திப்போச்சுன்னு கேள்விப்பட்டு, நேத்து டேங்கர் லாரியே கொண்டாந்து எறக்கிட்டாருங்க. புல்லுக்கெல்லாம் உசுரு வந்துருச்சு!"

எனக்கு உசுரு போயிற்று. ஒரு மாதத்துக்கு மேலாக மண்வாசலில் வெந்து கற்றதெல்லாம் காய்ந்த தரைக்கு. நான் புலம்பினது காதில் விழுந்து, பாசமாக, ஒரு வார்த்தை கேட்காமல், கல்லைச் சேறாக்கி வைத்திருக்கிறார். ரிக்குக்காரன் பெண்டாட்டியைத் தவிர வேறு யாருக்கு இப்படி நடக்கும்? சம்பந்தியிடம் தலை நிமிரவே முடியவில்லை. அவரோ புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "பொண்டாட்டிக்காகத் தண்ணி ஊத்துன மனுசனை யாரு கோவிப்பாங்க? நடங்க சம்பந்தி."

ஆனால் அடிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய அடி ஈரத்தில் விழுந்து பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது. அடுத்த குழியிலும் அப்படியே. உருட்டுவது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அந்த முகத்தில் குழப்பத்தை நான் பார்த்ததே இல்லை. முதல் மூன்று குழியில் இரண்டு போயிற்று.

நாலாவதில் சிப் என் முறை. ஏழாம் நம்பரை எடுத்தவள் திரும்பப் பைக்குள் வைத்தேன். வெட்ஜை எடுத்தேன். என் பழைய வெட்ஜ், என்னை முள்ளுச்செடிக்கு அனுப்பி அனுப்பி மானத்தை வாங்கினது. சம்பந்தி பார்த்தார். பந்து மேலே போயிற்று, உயரமாக, குழிக்குப் பக்கத்தில் சொத்தென்று விழுந்து விழுந்த இடத்திலேயே நின்றது.

"அடேங்கப்பா" என்றார் சம்பந்தி. எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் சிப் என் முறைக்கு வந்தால் வெட்ஜ், அவர் முறைக்கு வந்தால் கடவுள் விட்ட வழி. ஆனால் நீண்ட அடிகளையும் குழியில் தள்ளும் அடிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. எட்டாவது முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். மிச்சம் ஒரு குழி.

ஒன்பதாவது. எதிர் ஜோடி முதலில் அடித்தார்கள், அவர்களும் இப்போது உயரமாகத்தான் போட்டார்கள். பந்து விழுந்தது, டக்கென்று எகிறியது, க்ரீனைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டது. அப்போதுதான் நிறத்தைப் பார்த்தேன். மற்ற க்ரீனெல்லாம் கரும்பச்சை, இது வெளிறிக் கிடக்கிறது. டேங்கர் தண்ணீர் எட்டோடு தீர்ந்திருக்கிறது!

என் முறை. வெட்ஜ் கையில் இருந்தது. அதைப் புல்லில் கிடத்திவிட்டு ஏழாம் நம்பரை எடுத்தேன். பந்து வலது பாதத்துப் பக்கம், பாரம் இடது காலில். க்ரீன் ஓரத்தில் சாக்கைப் போட்டேன், மனசுக்குள். கூட்டிவிட்டேன்.

சாக்கில் விழுந்தது. உருண்டது. உருண்டுகொண்டே போய், குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

எதிர் ஜோடி சரிவிலிருந்து ஏற இரண்டு அடி ஆயிற்று. சம்பந்தி எங்கள் பந்தைக் குழிக்குள் தள்ளினார். ஜெயித்துவிட்டோம். கந்தப்பன் கை தட்டிய தட்டில் பக்கத்துக் காட்டுக் கொக்கெல்லாம் பறந்தன. சம்பந்தி குழிப்பக்கம் நிற்கவில்லை. திரும்பி நடந்து க்ரீன் ஓரத்துக்குப் போனார், குனிந்தார், என் பந்து முதலில் விழுந்த தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு அதுவே போதும்.

மே 26

"தண்ணி உட்டதாலதான ஜெயிச்சீங்க?" என்று வீட்டுக்காரர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாதி உண்மை. அதை எப்படி ஒத்துக்கொள்வது?

ஜூன் 15, ஞாயிறு

சம்பந்தி வந்திருந்தார். பலகாரப் பையோடு புது வெட்ஜ் ஒன்று. காபியைக் குடித்து முடித்து மெதுவாக ஆரம்பித்தார்: "அந்த ஒசரத்துல போடற அடிய எனக்குக் காட்டுங்க சம்பந்தி. மழை வந்துட்டா என்ற உருட்டல் எடுபடாதுங்க."

கோகிலவாணி, என்னிடம்! "எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றேன், நிஜமாகவே. "அப்பப் பாத்துக்கறேன்" என்றார்.

பின்வாசலுக்குப் போனோம். வீட்டுக்காரர் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு தயாராக நின்றார். குழாயில் கை வைத்தவர், திறக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஈரமா வேணுமா, இல்ல காஞ்சாப்புலயே கெடக்கட்டுங்களா?"

"ஈரமா வேணுமுங்க" என்றேன்.